150 கேள்வி வரை போய்த் தோற்றவருக்கு

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 38. ஊரில் பி.காம். முடித்தவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு இங்கே எல்பிஎன் (உரிமம் பெற்ற நடைமுறை நர்ஸ்) படிப்பை முடித்திருக்கிறார். உரிமத்துக்கான என்க்லெக்ஸ்-பிஎன் தேர்வை முதல் தடவை எழுதியபோது 150 கேள்வியும் வந்து, கடைசியில் தோல்வி. “புத்தகத்தை மூன்று தடவை முழுசாகப் படித்தேன் அக்கா. மருந்துப் பெயரெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியும் ஏன் போச்சு? அடுத்த தடவை எப்படிப் படிப்பது?”

முதலில் அந்த 150-ஐப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் அதை அவமானமாக நினைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. உண்மையில் அதற்குள் ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

இது எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்கும் தேர்வு இல்லை. 1994 முதல் கணினி ஆளுக்கு ஏற்றபடி கேள்வியை மாற்றிக் கொடுக்கிறது. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினம், தவறினால் கொஞ்சம் எளிது. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் உங்கள் திறமை எந்த மட்டம் என்று திரும்பக் கணக்குப் போடுகிறது. தேர்ச்சிக்கோட்டுக்கு மேலேயா, கீழேயா என்று 95 விழுக்காடு உறுதி கிடைத்த இடத்தில் நிறுத்திவிடும். 2023 ஏப்ரலில் வந்த புது முறைப்படி குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. அந்த 85-இல் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதனையாக வைப்பவை. எவை அந்த 15 என்று யாருக்கும் சொல்வதில்லை.

ஆக, 85-இல் நின்றால் பாஸ், 150 போனால் ஃபெயில் என்று பேசிக்கொள்வதெல்லாம் வெறும் பேச்சு. 85-இல் நின்று தோற்றவர்களும் உண்டு, 150 போய் ஜெயித்தவர்களும் உண்டு. உங்கள் விஷயத்தில், கடைசி வரை கணினியால் முடிவுக்கு வர முடியவில்லை. கோட்டை ஒட்டியே நடந்திருக்கிறீர்கள். பாதாளத்தில் விழுந்தவருக்கும், வாசற்படியில் கால் இடறியவருக்கும் ஒரே வைத்தியம் சொல்ல முடியாது. உங்களுக்கு நான்காம் முறை புத்தகம் வேண்டாம்.

நானும் முதல் தடவை தோற்றவள்தான். அப்போது அதிகபட்சம் 205 கேள்வி, அத்தனையும் வந்தது. கேள்வி எண் 200-ஐத் தாண்டும்போது வயிற்றைப் பிசைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் முட்டாள்தனம், இன்னும் தடிமனான ஒரு புத்தகம் வாங்கியது.

நம் பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கியது அதுதான். படித்தால் மார்க், இன்னும் படித்தால் இன்னும் மார்க். இந்தத் தேர்வு அந்தக் கணக்குக்குள் வராது. நீங்கள் எவ்வளவு தெரிந்தவர் என்பதை அது கேட்கவில்லை. நாளைக்கே உங்கள் கையில் ஒரு நோயாளியைக் கொடுத்தால், ஒரு எல்பிஎன்-ஆக நின்று, ஆபத்தில்லாமல் முதலில் எதைச் செய்வீர்கள் என்று கேட்கிறது. இதில் ‘முதலில்’ என்ற சொல்லும் ‘எல்பிஎன்-ஆக’ என்ற சொல்லும்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கின்றன.

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். எல்பிஎன்-இன் வேலைக்கு ஒரு வேலி உண்டு. நோயாளி வந்து சேர்ந்ததும் செய்யும் முதல் முழு மதிப்பீடு ஆர்என்-உடையது (பதிவு பெற்ற நர்ஸ், எல்பிஎன்-க்கு மேல்நிலை). பராமரிப்புத் திட்டத்தைப் போடுவது ஆர்என். இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது என்று முதன்முறை கற்றுக்கொடுப்பதும் ஆர்என்தான். எல்பிஎன் தகவல் சேகரிப்பார், திட்டத்துக்குத் தன் பங்கைச் சேர்ப்பார், ஆர்என் சொல்லிக்கொடுத்ததை நோயாளிக்கு மறுபடி எடுத்துச் சொல்லி உறுதிப்படுத்துவார். நிலைமை சீராக இருக்கும் நோயாளி, அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கக்கூடிய நோயாளி எல்பிஎன்-க்கு. ஆட்டம் காணும் நோயாளி ஆர்என்-க்கு.

தேர்வை நடத்தும் என்சிஎஸ்பிஎன் அமைப்பு, எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு கேள்வி வரும் என்கிற திட்டத்தை இலவசமாகவே வெளியிடுகிறது. அதை இறக்கி, வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். ‘கலெக்ட் டேட்டா’, ‘கான்ட்ரிப்யூட்’, ‘ரீஇன்ஃபோர்ஸ்’, ‘மானிட்டர்’ என்று திரும்பத் திரும்ப வரும். சொல்லிலேயே வேலியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ‘ரீஇன்ஃபோர்ஸ்’ என்பதை ‘டீச்’ என்று படித்துக்கொண்டு போகிறவர் வேலியைத் தாண்டிப் பதில் சொல்லிவிடுவார். பாடம் தெரிந்திருந்தும் மார்க் போய்விடும்.

அதே திட்டத்தில் பங்குகளையும் பாருங்கள். 2023 திட்டத்தில் மொத்தம் எட்டுப் பகுதி. மிகப் பெரிய பங்கு மருந்துகளுக்கு இல்லை. வேலையைப் பகிர்ந்து கொடுப்பது, யாரை முதலில் பார்ப்பது, நோயாளியின் உரிமை, ஒப்புதல், ரகசியம் ஆகியவை சேர்ந்த ‘கோஆர்டினேட்டட் கேர்’ பகுதிக்கு 18 முதல் 24 விழுக்காடு. மருந்துக்கு 10 முதல் 16. தொற்றுத் தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் 10 முதல் 16. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன் என்றீர்களே மருந்துப் பெயர், அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நர்சிங் ஹோம் என்றால் முதியோர் பராமரிப்பு இல்லம் (ஊரில் அந்தப் பெயருக்குச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி என்று பொருள், என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது). அந்த மாதிரி இடத்தில் இரவு ஷிப்டில் ஒரு எல்பிஎன்தான் முழு மாடிக்கும் பொறுப்பு. எல்லாவற்றையும் அவரே பார்ப்பார். அங்கே உதவியாளராக வேலை செய்துவிட்டுத் தேர்வுக்குப் போனால், “எங்க இடத்தில் இப்படித்தானே செய்வாங்க” என்று கை தானாகத் தவறான விடையைத் தொடும். தேர்வில் வரும் ஆஸ்பத்திரி வேறு உலகம். அங்கே ஆள் பற்றாக்குறை கிடையாது, ஆர்என் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருப்பார், உங்கள் முன்னால் இருக்கும் நோயாளியைத் தவிர உங்களுக்கு வேறு வேலையே இல்லை. ஊசி மருந்துகளில் எல்பிஎன் எதுவரை போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்று. அதனால் உங்கள் மாநில வழக்கத்தை வைத்துப் பதில் சொல்லக் கூடாது.

சரி, ‘முதலில்’ என்ற சொல்லுக்கு வருவோம். நான் சொல்லிக்கொடுக்கும்போது பயன்படுத்தும் ஒரு கேள்வி இது. நான்கு நோயாளிகள். ஒருவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆக்ஸிஜன் 90 காட்டுகிறது. இன்னொருவருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். வலி 10-க்கு 7, அழுகிறார். மூன்றாமவர் சர்க்கரை நோயாளி, காலைச் சாப்பாட்டுக்கு முன் 180. நான்காமவர் நேற்று தொடையெலும்பு முறிந்தவர். திடீரென்று பதற்றமாக இருக்கிறார், மூச்சு வேகமாக வாங்குகிறது. யாரை முதலில் பார்ப்பீர்கள்?

என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் அழுகிற பாட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மனசு அப்படி. ஆனால் அறுவை முடிந்த இரண்டாம் நாள் வலி எதிர்பார்த்ததுதான். நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 90 என்பது அவருடைய வழக்கமான எண். பொதுவாக 88-க்கும் 92-க்கும் நடுவில் வைத்திருந்தால் போதும் என்பார்கள். 180-க்கு மருந்து இருக்கிறது, அது காத்திருக்கும். நீண்ட எலும்பு உடைந்தவருக்கு ஓரிரு நாளில் திடீர்ப் பதற்றமும் மூச்சு வாங்கலும் வந்தால், எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். பதற்றம் என்ற சொல்லை மனநிலை என்று படித்துவிட்டால் ஆள் போய்விடுவார். தேர்வில் திடீர்ப் பதற்றம், குழப்பம், நிலைகொள்ளாமை என்று எதைப் பார்த்தாலும், மூளைக்கு ஆக்ஸிஜன் குறைகிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இதற்குள்ளேயே நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ஆபத்தா, இது புதிதா பழையதா, எதிர்பார்த்ததா இல்லையா, சீரான ஆளா ஆட்டம் காண்பவரா. ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். எல்லாம் இந்த நான்குக்குள் வந்துவிடும். ஐந்தாவதாக ஒன்று, நீங்கள் தகவல் சேகரிக்க வேண்டுமா, அல்லது கேள்வியிலேயே தகவல் போதுமான அளவு இருக்கிறதா? டிஜாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடும் ஒருவர் குமட்டுகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். குமட்டலுக்கு மாத்திரை கொடுக்க ஓடக் கூடாது. அது மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதற்கான அடையாளம். அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு நிமிடம் முழுதாக நாடி எண்ணி, தெரிவிக்க வேண்டியவரிடம் தெரிவிக்க வேண்டும். இன்னொருவருக்குச் சர்க்கரை 52, நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது. அங்கே டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. 15 கிராம் சர்க்கரைச் சத்து, அதாவது அரை கப் ஜூஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். அவர் நினைவில்லாமல் இருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

நம் ஆட்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. மருந்தோ கணக்கோ இல்லை, ஆறுதல் சொல்வது!

புற்றுநோய் வந்தவர், “நான் செத்துப்போயிடுவேனா?” என்று கேட்கிறார். விடைகளில் ஒன்று: “கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்.” ஒரு தமிழ் வாய் இதைத் தவிர வேறு என்ன சொல்லும்? ஆனால் இந்தத் தேர்வில் அது பொய்யான நம்பிக்கை கொடுப்பது, நிச்சயம் தவறு. “அதெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள்” என்பது தட்டிக்கழிப்பது. “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” என்பதும் தவறு, ஏன் என்று தொடங்கும் கேள்வி குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும் என்பது இவர்கள் கணக்கு. “எதை நினைத்துப் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள்” என்பது போன்ற விடைதான் சரி. பேச்சை நோயாளி கையிலேயே விட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும்.

வேறு சில இடங்களிலும் நம் வீட்டு வழக்கம் இடறும். கணவர் வந்து, “அவளுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள்” என்கிறார். ஊரில் தலையாட்டிவிடுவோம். இங்கே தன் நோயைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மகள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள், அவளை வைத்தே பாட்டிக்கு மொழிபெயர்த்துவிடலாம் என்று ஒரு விடை இருக்கும். தவறு, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நாம் தயங்குவோம். தேர்வில் நேரடியாகக் கேட்பதுதான் சரி. குழந்தையின் உடம்பில் வெவ்வேறு காலத்துக் காயங்கள் இருந்தால், குடும்ப விஷயம் என்று ஒதுங்க முடியாது. சந்தேகம் வந்தாலே புகார் கொடுப்பது சட்டப்படி நர்சின் கடமை.

அடுத்தது ஆங்கிலம். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் தமிழாக்கிப் படிக்கும்போது சில சொற்றொடர்கள் தலைகீழாகிவிடும். ‘இவருக்கு ஃபர்தர் டீச்சிங் (இன்னும் சொல்லிக்கொடுப்பது) தேவை என்று எது காட்டுகிறது’ என்று கேட்டால், நோயாளி சொன்னதில் தப்பானதைத்தான் நீங்கள் தேட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர், “தலைவலி வந்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வேன்” என்றால் அதுதான் விடை, ரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால். அவசரத்தில் பார்த்தால், பக்கத்திலேயே ‘எலெக்ட்ரிக் ரேஸரால் சவரம் செய்வேன்’ என்கிற நல்ல வாக்கியம் பல்லிளிக்கும், அதைத் தொட்டுவிடுவோம். தேர்வு மையத்தில் அழித்து எழுதும் பலகை ஒன்று தருவார்கள். இந்த மாதிரிக் கேள்வி வந்ததும் அதில் ‘தப்பு எது?’ என்று தமிழிலேயே எழுதிவைத்துக்கொண்டு விடைகளைப் படியுங்கள். சிரிப்பாக இருக்கும். எனக்கு இரண்டாம் தடவை இது குறைந்தது ஐந்தாறு கேள்வியைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

மருந்துப் பெயரிலும் இரண்டு நாட்டு வழக்கு உண்டு. ஊரில் நாம் பாராசிட்டமால் என்பது இங்கே அசிட்டமினோஃபென். சால்பூட்டமால் இங்கே ஆல்புட்டரால். அட்ரினலின் எபினெஃப்ரின் ஆகிவிடும், பெத்திடின் மெபெரிடின், கிளைபென்கிளமைடு கிளைபுரைடு. தேர்வில் பெரும்பாலும் கம்பெனிப் பெயர் வராது, மருந்தின் பொதுப்பெயர்தான் வரும். பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட வால் பகுதியைப் பிடியுங்கள். ‘-லால்’ என்று முடிந்தால் நாடியும் பிரஷரும் பார்க்காமல் கொடுக்காதே. ஆஸ்துமா உள்ளவரிடம் கவனம். ‘-பிரில்’ என்றால் வறட்டு இருமல், முக வீக்கம், பொட்டாசியம் ஏறுதல்; உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பொட்டாசிய உப்பு வேண்டாம். (உதடும் நாக்கும் வீங்கினால் அது மூச்சுப் பிரச்சினை, இருமல் மாதிரி காத்திருக்கக் கூடாது.) எண்களில் கொஞ்சம் மனப்பாடம் தவிர்க்க முடியாது: பொட்டாசியம் 3.5 முதல் 5, சோடியம் 135 முதல் 145, லித்தியம் 0.6 முதல் 1.2, வார்ஃபரின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதன் அளவு) 2 முதல் 3. இந்த மாதிரி ஒரு இருபது எண் போதும். இருநூறு வேண்டாம்.

கணக்கில் நம்மவர்கள் கெட்டி. ஆனால் பவுண்டை மறந்துவிடுவார்கள். 44 பவுண்டு எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் மருந்து. புட்டியில் 5 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. 44-ஐ 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ, 200 மில்லிகிராம், ஆக 10 மில்லி. வகுக்காமல் போனால் 22 மில்லி வரும், இரண்டு மடங்குக்கு மேல். எவ்வளவு தசமத்துக்குச் சுருக்க வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள், அதையும் படியுங்கள்.

தொற்றுத் தடுப்பை நம் மொழியிலேயே நினைவில் வைக்கலாம். தட்டம்மை, சின்னம்மை, காசநோய் ஆகிய மூன்றும் காற்றில் பரவுபவை. தனி அறை, காற்றை உள்ளிழுக்கும் அழுத்தம், என்95 முகக்கவசம். சின்னம்மைக்குக் கூடவே கையுறையும் மேலங்கியும். பொன்னுக்கு வீங்கி, கக்குவான், ஃப்ளூ ஆகியவை தும்மல் துளியில் பரவும்; சாதாரண முகக்கவசம் போதும். ஜெர்மன் தட்டம்மை என்று நாம் சொல்லும் ரூபெல்லாவும் துளிக் கணக்குதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சி-டிஃப் வயிற்றுப்போக்குக்குக் கையில் ஜெல் தடவினால் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமியின் விதை ஆல்கஹாலுக்குச் சாகாது.

இனி, எப்படிப் படிப்பது. மறுமுறை எழுதக் குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும். தேர்வுக் கட்டணம் 200 டாலர் திரும்பக் கட்ட வேண்டும், மாநிலத்தின் கட்டணம் தனி. அந்த 45 நாளைத் தண்டனை என்று நினைக்காதீர்கள், சரியாக அளந்த காலம் அது. முதல் வேலை, தோற்றவர்களுக்கு வரும் அறிக்கையை எடுத்து மேசையில் வையுங்கள். எட்டுப் பகுதிக்கும் நீங்கள் கோட்டுக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்றில் ஒன்று போட்டிருப்பார்கள். பலர் அழுதுவிட்டு அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். இருநூறு டாலர் கொடுத்து வாங்கிய ஒரே உருப்படியான காகிதம் அதுதான். ‘கீழே’ என்று இருப்பது முதல் இரண்டு வாரம், ‘பக்கத்தில்’ அடுத்த இரண்டு வாரம், ‘மேலே’ இருப்பதை வாரம் ஒரு நாள் தொட்டால் போதும்.

தினமும் கேள்வி போடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 25 கேள்விக்கு மேல் வேண்டாம். 25 போட ஒரு மணி நேரம் ஆனால், அவற்றின் விளக்கம் படிக்க ஒன்றரை மணி ஆக வேண்டும். சரியாகப் போட்ட கேள்விக்கும் விளக்கம் படியுங்கள். குருட்டாம்போக்கில் சரியானது எத்தனை என்று அப்போதுதான் தெரியும். ஒரு நோட்டில் தவறுகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்து: ‘அ’ என்றால் பாடமே தெரியாது, ‘வா’ என்றால் கேள்வியைத் தவறாக வாசித்தேன், ‘வே’ என்றால் வேலியைத் தாண்டினேன் அல்லது வரிசையைத் தவறவிட்டேன். பத்து நாளில் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணுங்கள். உங்கள் கதையைக் கேட்டால் ‘அ’ மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால், நான்காம் முறை புத்தகம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து 50, அப்புறம் 75. கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு நாளாவது ஒரே மூச்சில் 150 கேள்வி போட்டுப் பாருங்கள், பிள்ளைகளை அப்பாவிடம் விட்டுவிட்டு. 5 மணி நேரத்தில் 150 என்றால் கேள்விக்கு 2 நிமிடம். அந்த 5 மணி நேரத்துக்குள் இடைவேளையும் அடக்கம். நூறுக்கு மேல் போனால் மூளை சுருண்டுகொள்ளும். போன தடவை நீங்கள் தவறியது அங்கேயாகவும் இருக்கலாம். கோட்டை ஒட்டி நடப்பவருக்குக் கடைசி ஐம்பது கேள்விதான் விதியை எழுதுகிறது.

புது மாதிரிக் கேள்விகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே நோயாளியின் கதையை வைத்து ஆறு கேள்வி வரும். அப்படி மதிப்பெண்ணுக்கு உரிய மூன்று கதைகள். அந்த ஆறும் ஒரு வரிசைதான்: எதைக் கவனித்தாய், அதற்கு என்ன பொருள், எது அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா. இவற்றில் பாதி மார்க்கும் உண்டு. பொருந்துவது எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்கிற வகையில் சரிக்கு ஒன்று கூடும், தப்புக்கு ஒன்று கழியும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் எல்லாவற்றையும் டிக் செய்துவைப்பது வேலைக்காகாது. உறுதியாகத் தெரிந்ததைத் தொட்டு, சந்தேகமானதை விட்டுவிடுங்கள். தாண்டிவந்த கேள்விக்குத் திரும்பப் போக முடியாது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 34-ஆம் கேள்வியை 35-இல் நினைத்து வருத்தப்பட்டால் இரண்டும் போகும்.

இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்தவர்கள், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று இந்தத் தேர்வின் பக்கம் வர வேண்டாம். உங்கள் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பி ஆர்என் தேர்வுக்கே போங்கள். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு ஒன்டாரியோவில் 2022 ஜனவரியிலிருந்து ரெக்ஸ்-பிஎன் என்ற தனித் தேர்வு. அதுவும் இதே என்சிஎஸ்பிஎன் உருவாக்கிய, ஆளுக்கேற்ப மாறும் தேர்வுதான், ஆனால் கேள்வி எண்ணிக்கையும் நேரமும் ஆய்வக எண்களின் அலகும் வேறு. அமெரிக்கக் கேள்வி வங்கியை வைத்து அங்கே எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள்.

தேர்வு நாளைப் பற்றி ஒன்றே ஒன்று, நம் ஆட்களுக்கென்றே உள்ள தொல்லை: பெயர். இனிஷியல், அப்பா பெயர், சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடமே காலி, விசாவில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியாது) என்று ஒரு கூத்து. பதிவு செய்த பெயரும் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போய்விடும். போன தடவை பிரச்சினை வரவில்லை என்றால் சரி. நடுவில் ஓட்டுநர் உரிமம் புதுப்பித்திருந்தால் இன்றைக்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எழுதி முடித்து இரண்டு வேலை நாள் கழித்து, கொஞ்சம் காசு கட்டினால் அதிகாரபூர்வமற்ற முடிவைப் பல மாநிலங்களில் பார்க்கலாம். அதற்கு முன்பே, திரும்பப் பதிவு செய்கிற மாதிரி கார்டு எண்ணைப் போட்டு, என்ன செய்தி வருகிறது என்று பார்க்கும் ஒரு தந்திரம் சொல்வார்கள். நான் செய்தேன், அந்த இரண்டு நாளும் தூக்கம் போனதுதான் மிச்சம்.

உங்கள் அறிக்கையில் எட்டுப் பகுதிக்கும் என்ன போட்டிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.